ஒரு நூலின் எடை ஐநூறு கிராம்

சென்ற ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு ஐந்தருவிச் சாலையில் வல்லிநாயகத்தின் சிப்ஸ் கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. காரணம் ஒரு நூல். நீளம் அரை மில்லிமீட்டர். தடிமன் மனிதத் தலைமயிரில் கால்வாசி. நிறம் நீலம். இந்த மூன்று விவரங்களையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் அதிகாரிகள் யாரும் இவற்றைக் கேட்கப் போவதில்லை.

நூலைக் கண்டுபிடித்தவர் உணவு ஆய்வாளர் வேல்ராஜ். சின்ன வயது, நேர்மையான ஆள். செல்போன் கேமராவில் பூதக்கண்ணாடி ஒன்றை மாட்டி வைத்திருந்தார். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டின் மேல் அதைப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"நூலு மாதிரி இருக்கு சார்."

"எந்த நூலு?"

வல்லிநாயகம் தோளில் கிடந்த துண்டைத் தூக்கிக் காட்டினார். நீலக் கரை போட்ட பருத்தித் துண்டு. "இதுல உள்ளதா இருக்கும். அடுப்பு முன்னால நிக்கம்லா, வேர்வை தொடைக்கது இதுலதான்."

"இருக்கலாம். நான் இல்லேங்கல. ஆனா கொதிக்க எண்ணெயில பிளாஸ்டிக் கவர உருக்கிப் போடுதாவன்னு வாட்ஸப்புல ஊரே பாக்குது. நான் கண்ணால பாத்துத் துண்டு நூலுன்னு எழுதினா, துட்டு வாங்கிட்டான்னு அதையும் வாட்ஸப்புல போடுவாவ. கருவிதான் சொல்லணும்."

"கருவி எங்கன இருக்கு சார்? மெட்ராஸ்லயா?"

"நீங்க குடுத்து வச்சவரு அண்ணாச்சி. இங்கன குற்றாலத்துலயே இருக்கு. நடந்தே போயிரலாம். பிளாஸ்டிக் இல்லேன்னு ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. வந்த ஒரு மணி நேரத்துல நானே சீல ஒடச்சித் தாரேன்."

குற்றாலத்தில் சாரல் ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் முடிய இருக்கும். எழுபது, எண்பது நாள். அந்த நாட்களில் விற்பதுதான் வல்லிநாயகம் வீட்டுக்கு வருஷம். அதன்பிறகு ஐந்தருவிச் சாலையில் நிற்பவை குரங்குகள் மட்டும். அவை விலை கொடுத்து வாங்குவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே, வேல்ராஜ் அரக்கு வைத்துக் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். மதியத்துக்குள் கடை திறந்துவிடலாம் என்று மனைவி மாடத்தியிடம் காய் சீவச் சொல்லிவிட்டுப் போனார்.

நுண்பொருள் நிறமாலை ஆய்வு நிலையம் அருவி இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தது. முதலில் அதற்குச் சிவகிரிப் பக்கம் காய்ந்த மேட்டு நிலம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். கருவிக்கு ஈரம் ஆகாது, அதன் உள்ளே இருக்கும் கண்ணாடி உப்பால் ஆனது, ஈரக் காற்று பட்டால் மங்கிப்போகும் என்று விற்ற கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் சிவகிரியில் பார்வையை முடித்துக்கொண்டு எங்கே குளிப்பார்கள் என்று கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால் நிலையம் குற்றாலத்துக்கு வந்தது.

வாசலில் இரும்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. காவலாளி இல்லை. உள்ளே மேசையில் கண்காணிப்பாளர் முத்துச்செல்வம் இருந்தார்.

"மாதிரி அளவு எவ்வளவு?"

"ஒரு நூலு சார்."

"நூலுங்கது அளவு இல்லவே. கிராம்ல சொல்லும். கொறஞ்சது ஐநூறு கிராம் இருக்கணும்னு படிவத்துலயே அடிச்சிருக்கு."

"மைக்ரோஸ்கோப்புல பாக்கதுக்கு எதுக்கு சார் அரைக் கிலோ?"

"மைக்ரோஸ்கோப்பு சின்னதாத்தான் பாக்கும். ஆபீசு அப்படிப் பாக்க முடியுமா? நாளைக்குத் தணிக்கைக்கு வாரவன், எங்கடே மாதிரின்னு கேட்டா இந்தக் குப்பியையா காட்டுவேன்? அவனுக்குக் கண்ணாடி போட்டாலே கண்ணு தெரியாது."

முத்துச்செல்வம் கெட்ட மனிதர் அல்ல. வந்தவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை. தானே எழுந்து முற்றத்துக்குப் போய்க் கூழாங்கற்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார். அட்டைப் பெட்டியில் குப்பியை வைத்துக் கற்களைப் போட்டு நிறுத்தார். ஐநூறு கிராம் வந்தது. அடுத்த விதியின்படி மாதிரியை நான்கு சம பாகமாகப் பிரிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் நூலைப் பிரிக்க வழியில்லாததால் கற்களைப் பிரித்தார். நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் நூற்றிருபத்தைந்து கிராம். முதல் பெட்டியில் நூல் இருந்தது. மற்ற மூன்றிலும் நூல் இல்லை. நான்குக்கும் அரக்கு வைத்து, நான்கின் மேலும் 'நூல், நீலம்' என்று எழுதி, வல்லிநாயகத்திடம் பதினாறு இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

"எத்தன நாளு சார் ஆவும்?"

"ஆய்வு பத்து நிமிசம்."

"அப்ப இங்கனயே உக்காந்திருக்கேன்."

"உக்காந்துதான் ஆவணும்," என்றார் முத்துச்செல்வம். பதினாறாவது கையெழுத்துக்குக் கீழே இருந்த வரிகளை அவரே வாசித்துக் காட்டினார். மாதிரி ஆய்வில் இருக்கும் காலம் முழுவதும் அதன் உரிமையாளர் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். வெளியேறினால் மாதிரி உரிமையற்றதாகக் கருதப்பட்டு, கோப்பு நிரந்தரமாக மூடப்படும். மறு விண்ணப்பம் ஏற்கப்படாது.

"கோப்ப மூடினா என் கடை?"

"அது எங்க கோப்புல இல்லவே."

*

பின்கட்டில் 'உரிமையாளர் ஓய்வறை' என்று பலகை மாட்டிய ஒரு கூடம் இருந்தது. ஜன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டிக் கைலி காயப் போட்டிருந்தது. சுவரில் நாள்காட்டி, மூலையில் மின்னடுப்பு, டீத்தூள் டப்பா. பாயில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து கை கொடுத்தார். கடையநல்லூர் நாசர். கைலி வியாபாரி.

"எப்பம் வந்திய பாய்?"

"போன சீசன்."

வல்லிநாயகம் சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு துபாய்ப் பார்ட்டி அண்ணாச்சி. சுத்தப் பருத்தின்னு சர்டிபிகேட் கேட்டான். ஒரே ஒரு இழை எடுத்துட்டு வந்தேன். பதினோரு மாசம் ஆச்சு. பேரன் பொறந்தத செல்போன்லதான் பாத்தேன். அவன் இப்பம் நடக்கான்."

"கதவு தொறந்துதான கெடக்கு?"

"அதான் அண்ணாச்சி கொடும. பூட்டியிருந்தா ஒடச்சிட்டுப் போயிருப்பேன். தொறந்து கெடக்கதால, இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு தோணுது. எட்டு மாசம் இருந்துட்டுப் போனா அந்த எட்டு மாசமும் வீணுன்னு ஒம்பதாவது மாசம் இருந்தேன். இப்பம் போனா பதினொண்ணும் வீணு." அவர் டீக்கு இரண்டாவது டம்ளரைக் கழுவினார். "நீங்க பாய் கொண்டாரலயா? ஈரத் தரை. இடுப்பப் புடிச்சிக்கிடும்."

மதியம் ஒன்றரைக்கு மாடத்தி போன் செய்தாள்.

"என்ன, தாளு வாங்கியாச்சா? காய் சீவிக் கறுத்துப் போயிக் கெடக்கு."

"பத்து நிமிச வேலதானாம்."

"அப்ப ஏன் இன்னும் அங்கன இருக்கீரு?"

"அந்தப் பத்து நிமிசம் இன்னும் ஆரம்பிக்கல."

சாயங்காலம் மாடத்தி தூக்குவாளியில் சோறும் ஒரு பாயும் கொண்டு வந்து திறந்த கதவின் வழியாகக் கொடுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் நின்றார்கள். "ஒரு எட்டு வந்து கடையப் பாத்துட்டுப் போவும்," என்றாள். ஒரு எட்டு வைத்தால் கோப்பு மூடிவிடும் என்று விளக்கினார். அவள் அவருடைய கால்களையும் கதவின் கீழ்ச் சட்டத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

*

கருவியை இயக்கத் தெரிந்தவள் நிலையத்தில் ஒருத்திதான். ஜெபமலர், தற்காலிக விஞ்ஞானி. நான்காவது நாள் அவள் வல்லிநாயகத்தைக் கூட்டிப்போய்க் கருவியைக் காட்டினாள். நுண்ணோக்கியின் கழுத்தில் நீல நிறப் பொன்னாடை போர்த்தியிருந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும்.

"இத்துனூண்டு நூலு போதும் அண்ணாச்சி. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி இருக்கு. அத நூலுக்குள்ள விடுவோம். ஒவ்வொரு பொருளும் அதுல ஒரு பங்கத் தின்னுட்டு மிச்சத்த வெளிய விடும். எத எவ்வளவு தின்னுதுன்னு மிசின் கோடு போட்டுக் காட்டும். பாலியெஸ்டர்னா இந்தா, இந்த இடத்துல ஆழமா ஒரு குழி விழும். பருத்திக்கு அங்கன குழி கெடையாது. சின்னப் பிள்ளைக்குக் கூடச் சொல்லிரலாம்."

"அப்ப போட்டுப் பாத்துரலாமே பிள்ள."

ஜெபமலர் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். சீசன் ஈரத்தில் கருவி எதைப் பார்த்தாலும் தண்ணீர் என்றே காட்டும். உணரியைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது வாரத்துக்கு ஒரு குடுவை வெளியூரிலிருந்து வருகிறது. வந்த குடுவை, பார்வையாளர்களுக்குப் புகை காட்டுவதில் தீர்ந்துபோகிறது.

"பொகையா?"

"தரையில ஊத்தினா மேகம் மாதிரி எழும்பும். பெரியவங்களுக்கு அதான் பிடிக்கும். கோட்டக் காட்டினா கொட்டாவி விடுதாங்க."

மூன்றாவது சிக்கல் ஒப்பீட்டுப் பட்டியல். வந்த கோட்டை ஏற்கெனவே தெரிந்த பொருள்களின் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். கம்பெனி கொடுத்த பட்டியலில் பல்லாயிரம் பொருள்கள் இருந்தன. இயக்குநர் அதை ஏற்கவில்லை. நம் மண்ணின் பொருள்களைக் கொண்டு நம் பட்டியலை நாமே உருவாக்குவோம் என்று திறப்பு விழாவன்றே அறிவித்து, அன்றைக்குக் கையில் அகப்பட்டவற்றை அளக்கச் செய்தார். ஆகவே நிலையத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் மூன்று பொருள்கள் உண்டு. பொன்னாடை, ரோஜா மாலை, இயக்குநரின் தலைமுடி.

"என்னத்த வச்சாலும் இந்த மூணுல ஒண்ணுன்னுதான் அறிக்கை வரும்," என்றாள் ஜெபமலர். "தென்காசியில இருந்து ஒருத்தர் வீட்டுப் பெயிண்டச் சொரண்டிக் கொண்டாந்தாரு. ரோஜா மாலைன்னு வந்துச்சு. அழுதுட்டே போயிட்டாரு."

பேசிக்கொண்டே மேசையை விரலால் வழித்துக் காட்டினாள். விரல் நீலமாக இருந்தது. ஒரு சீசனுக்கு நூற்றைம்பது பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பெரியவர்கள் போட்ட கையோடு கழற்றிக் கொடுத்துவிடுவதால் அவற்றை உதறி மடித்து அடுத்தவருக்கு வைத்துக்கொள்கிறார்கள். அப்படி உதறுவது இந்த அறையில்தான். குளிர்சாதனம் இருக்கிற ஒரே அறை இதுதான்.

அதன்பின் வல்லிநாயகம் தினமும் பார்த்தார். காலை பத்து மணிக்குக் கார் வரும். பெரியவர் இறங்குவார். பொன்னாடை. புகை. கைதட்டல். பெரியவரின் முடி ஒன்றைப் பிடுங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முன்பே சேமித்து வைத்த கோட்டைத் திரையில் காட்டி, "ஐயா அவர்களின் முடியில் புரதம் இருக்கிறது" என்று அறிவிப்பார்கள். இன்னொரு கைதட்டல். பதினொன்றரைக்குக் கார் அருவிக்குப் போகும். உரிமையாளர் ஓய்வறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அருவிக்குப் போகும் கூட்டம் தெரியும். எல்லார் கையிலும் சிப்ஸ் பொட்டலம். யார் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று வல்லிநாயகத்துக்குப் பொட்டலத்தின் மடிப்பைப் பார்த்தே சொல்ல முடிந்தது. முதல் வாரம் நாசரிடம் சொன்னார். இரண்டாம் வாரம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

*

ஜூலை இருபத்திரண்டாம் தேதி சாரல் இல்லை. காலையிலேயே சுள்ளென்று வெயில். வரவேண்டிய பெரியவருக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. குடுவையில் அடியோரமாக நைட்ரஜன் மிச்சம் இருந்தது. ஜெபமலர் யாரையும் கேட்கவில்லை. முதல் பெட்டியின் அரக்கை நீக்கிக் குப்பியை எடுத்தாள். கருவியை உலர்ந்த துணியால் துடைத்து, பொன்னாடையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஊசி முனையால் நூலை எடுத்து வைத்தாள்.

வல்லிநாயகம் திரையைப் பார்த்தார். கோடு இடமிருந்து புறப்பட்டு அகலமாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாலியெஸ்டருக்குக் குழி விழ வேண்டிய இடத்தை எந்தச் சலனமும் இல்லாமல் கடந்தது.

"பருத்தி," என்றாள் ஜெபமலர். "ஒம்பது நிமிசம்."

அவள் அச்சிட்டுக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு வல்லிநாயகம் முத்துச்செல்வத்திடம் ஓடினார். அவர் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"உண்மதான்வே. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மொறையா வந்த உண்ம இல்ல."

"மொறைன்னா?"

"இயக்குநர் இல்ல. பார்வையாளர் இல்ல. பொன்னாடையக் கழத்தி வச்சிட்டுப் பாத்திருக்கு அந்தப் பிள்ள. இதுக்கு நான் முத்திரை குத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு உள்ள வந்து உண்மையப் பாத்துட்டுப் போயிருவான். அப்புறம் நாங்க எதுக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெசனப்படாதயும். உம்மது நூறாவது மாதிரி. இருபத்தொம்பதாம் தேதி விழா எடுக்காரு இயக்குநர். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் மொறைப்படி பாத்துத் தாளு தந்துருவோம்."

அன்று மாடத்தி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "பருத்தின்னு வந்தாச்சுல்லா, வாரும்," என்றாள்.

"இன்னும் ஏழு நாளு. முத்திரை குத்தித் தந்துருவாவ."

"முத்திரை குத்தாட்டா பருத்தி பருத்தி இல்லாம ஆயிருமா?"

"ஆபீசர் வேல்ராஜ் முத்திரையத்தான கேப்பாரு."

"பக்கத்துக் கடைக்காரன் நம்ம எடத்துல பெஞ்சு போட்டுட்டான்," என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

*

விழாவுக்குக் கருவி அறையிலேயே மேடை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மூன்று பெரியவர்கள். அவர்களுடைய டிரைவர்கள் துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாட்டிலோடு வராந்தாவில் நின்றார்கள். இயக்குநர் முனைவர் பூதலிங்கம் பேசினார்.

"இந்தக் கருவி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நிலையத்திலிருந்து இன்றுவரை ஒரு தவறான முடிவுகூட வெளியே போனதில்லை. எப்படி? எந்த முடிவுமே வெளியே போனதில்லை. இதைத்தான் தரக் கட்டுப்பாடு என்கிறோம். நூறு மாதிரிகள் பெற்றோம். அவற்றில் தொண்ணூற்றெட்டுக் கோப்புகள், உரிமையாளர்களின் முழு ஒத்துழைப்போடு, அவர்களே எழுந்து போய்விட்டதால், வெற்றிகரமாக முடிக்கப்பட்டுள்ளன. மீதமுள்ள இருவரும் இந்த நிலையத்தின் மீது கொண்ட பற்றினால் இங்கேயே தங்கியிருக்கிறார்கள்."

கைதட்டினார்கள். நாசரும் தட்டினார். பதினோரு மாதத்தில் அது பழகிப்போயிருந்தது.

"சிறியதைப் பெரிதாகக் காட்டுவது நுண்ணோக்கி. சாமானியனைப் பெரியவனாகக் காட்டுவது நிர்வாகம். எனவே நூறாவது மாதிரியின் உரிமையாளர் திரு. வல்லிநாயகம் அவர்களுக்கு..."

முதல் பெட்டி மேசையில் திறந்து இருந்தது. குப்பியின் மூடியும் திறந்திருந்தது. ஜெபமலர் இரண்டு கைகளாலும் அதை மூடப் போனாள். அதற்குள் இயக்குநர் புதுப் பொன்னாடை ஒன்றை எடுத்து, காற்றில் ஒருமுறை ஓங்கி உதறி, வல்லிநாயகத்தின் தோளில் போர்த்தினார். வாழ்க்கையில் வல்லிநாயகத்துக்குக் கிடைத்த முதல் பொன்னாடை அது. சாயம் போகாத நல்ல நீலம். கேமரா இரண்டு முறை மின்னியது.

பிறகு மேகம் போலப் புகை விட்டார்கள். பிறகு மாதிரியைக் கருவியில் வைத்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் நாற்பத்தொரு நீல நூல்கள் கிடந்தன.

"எது சார்?" என்று ஜெபமலர் கேட்டாள்.

"இருப்பதில் பெரியதாக ஒன்றைப் பாரம்மா," என்றார் இயக்குநர். "பெரியவர்களுக்கு நேரமாகிறது."

கோடு வந்தது. குழியும் வந்தது. கணினி ஒரு நொடிகூட யோசிக்காமல் முடிவைச் சொன்னது: பொன்னாடை. பொருத்தம், தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு சதவீதம். பாலியெஸ்டர்.

நிலையத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு உயர்ந்த பொருத்தம் வந்ததில்லை. இயக்குநர் கண் கலங்கினார்.

"சார், நான் சிப்ஸ்ல எதுக்கு சார் பொன்னாடையப் போடப் போறேன்?" என்றார் வல்லிநாயகம். "எனக்கு இதுக்கு முந்தி எவன் சார் பொன்னாடை போத்தியிருக்கான்?"

அந்தக் கேள்வியை முத்துச்செல்வம் நியாயமாகவே எடுத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவரிடம் பொன்னாடை இருந்ததா என்பதற்கு ஆதாரம் வேண்டும். மறுநாள் அந்த ஆதாரம் கோப்பில் சேர்க்கப்பட்டது. பொன்னாடை போர்த்திய நிலையில் வல்லிநாயகம் சிரித்துக்கொண்டிருக்கும் வண்ணப் படம், இரண்டு பிரதிகள்.

*

ஆகஸ்ட் முதல் வாரம் முழுவதும் ஜெபமலர் மேலே எழுதிப் போராடினாள். ஒரே மாதிரிக்கு இரண்டு தாள்கள் இருப்பது இயக்குநருக்கும் உறுத்தியது. ஒன்று பருத்தி என்றது. இன்னொன்று பாலியெஸ்டர் என்றது. ஒன்றை ஏற்றால் இன்னொன்றை எடுத்தவர் மனம் புண்படும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நடந்த கூட்டத்தில் முத்துச்செல்வம் வழி கண்டார். எந்த அளவீட்டிலும் இரண்டு முடிவுகள் வந்தால் சராசரி எடுப்பதுதானே அறிவியல். சராசரி எடுத்தார்கள். நூல் பாதி பருத்தி, பாதி பாலியெஸ்டர் என்று முத்திரை குத்தி அறிக்கை தயாரானது. ஆனால் கோப்பு இன்னும் முடிக்கப்படவில்லை என்பதால் வல்லிநாயகம் கூடத்திலேயே இருந்தார்.

வல்லிநாயகம் போனில் வேல்ராஜிடம் ஜெபமலரின் முதல் தாளைப் பற்றிச் சொல்லிவிட்டு, இந்த அறிக்கையை வாசித்துக் காட்டினார்.

"பாதின்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்? எனக்குப் பிளாஸ்டிக் உண்டா இல்லையான்னு ஒரு வார்த்த வேணும்."

"பாதி உண்டாம் சார்."

"உங்க கடையில பாதிச் சீல எப்படி அண்ணாச்சி ஒடைக்க?" மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "சரி, இப்படியே விட்டா சீசன் போயிரும். நானே நேர்ல வாரேன். அந்த மேடம் மொதல்ல எடுத்த தாளப் பாத்துட்டு, அவங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டு, அங்கன இருந்து நேரா உங்க கடைக்கு. சாவி என் பையிலதான் இருக்கு."

வல்லிநாயகம் பாயைச் சுருட்டிக் கட்டினார். மாடத்திக்குப் போன் செய்து காய் சீவச் சொன்னார். நாசர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போனா நம்ம ஊர் பக்கம் ஒரு எட்டுப் போயி, பேரன் எப்படி நடக்கான்னு நேர்ல பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு வேல்ராஜ் வந்தார். கூடத்து ஜன்னலிலிருந்து வல்லிநாயகம் பார்த்தார். பைக்கை நிறுத்திவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, திறந்த கதவின் வழியே வேகமாக உள்ளே வந்தார். இயக்குநர் எதிரே ஓடிப்போய் நீலப் பொன்னாடை போர்த்தினார். ஒரு அரசு அலுவலர் தாமாகவே தேடி வந்தது நிலையத்தில் அதுவே முதல் தடவை.

பத்து நிமிடத்தில் ஜெபமலரிடம் அவர் பேசி முடித்துவிட்டார். பருத்தித் தாளைப் பார்த்தார். "இது போதும். பிளாஸ்டிக் இல்ல. நான் எழுதிக்கிடுதேன்," என்று அவர் சொன்னது கூடம்வரை கேட்டது. வல்லிநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வேல்ராஜ் வாசலை நோக்கி நடந்தபோது முத்துச்செல்வம் பதிவேட்டோடு கூப்பிட்டார். "சார், வந்ததுக்கு ஒரு கையெழுத்து."

நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு பதிவேடுதான், மாதிரி உரிமையாளர் பதிவேடு. பார்வையாளர் பதிவேடு வாங்கக் கேட்டு எழுதிய கடிதம் இரண்டு வருடமாக மேலிடத்தில் இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் இதுவரை அதற்கு அவசியமும் வந்ததில்லை. வேல்ராஜ் பைக் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, நின்ற வாக்கில் கையெழுத்துப் போட்டார். முறைப்படி நடக்கும் ஆள் என்பதால் தேதியும் பதவியும் எழுதினார். முத்துச்செல்வம் தாளை ஊதிக் காயவைத்துவிட்டு, அதன் கீழே இருந்த வரிகளை அவருக்கும் வாசித்துக் காட்டினார்.

"நான் எந்த மாதிரியும் கொண்டு வரலயே," என்றார் வேல்ராஜ்.

"குப்பியில அரக்கு வச்சது யாரு சார்? உங்க முத்திரைதான? அப்ப நீங்க கூட்டு உரிமையாளர். இத்தன நாளும் ஒரு கையெழுத்துக் கொறஞ்சிதான் கோப்பு நகராமக் கெடந்திருக்கு. இப்பம்தான் எனக்கே வெளங்குது. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

"நான் போயிட்டேன்னா?"

"கதவு தொறந்துதான் சார் கெடக்கு. கோப்பு மூடிரும். மூடின கோப்புல உள்ள கடைக்குச் சீல ஒடைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லாமப் போயிரும். அவ்வளவுதான்."

வேல்ராஜ் விதியைத் திரும்பத் திரும்ப மூன்று முறை வாசித்தார். அவருக்கு விதிகளின் மேல் மரியாதை உண்டு. அதில் ஓட்டை இல்லை என்று புரிந்ததும் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். நாசர் மூன்றாவது டம்ளரைத் தேடினார்.

"சார், சாவிய மட்டும் குடுங்க," என்றார் வல்லிநாயகம். "நான் போயித் தொறந்துக்கிடுதேன்."

"நீங்க போனாலும் கோப்பு மூடிரும்லா அண்ணாச்சி."

"அப்ப வீட்டுக்காரிகிட்டக் குடுத்து விடுங்க."

"வச்சவந்தான் நேர்ல நின்னு ஒடைக்கணும். அதான் மொறை." வேல்ராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எத்தன நாளு ஆவும்னு கேட்டேன். பத்து நிமிச வேலதான்னாரு."

நாசர் மறுபுறம் திரும்பி டீத்தூளை அள்ளிப் போட்டார்.

சீசன் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. வெளியே நல்ல சாரல். ஜன்னலுக்கு அப்பால் கூட்டம் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. வல்லிநாயகத்தின் போன் அடித்தது. மாடத்தி கடை வாசலில் நிற்கிறாள் என்பது சுற்றிலும் கேட்ட கார் சத்தத்திலேயே தெரிந்தது.

"பன்னெண்டு மணி ஆச்சு. கொத்துக் கொத்தா ஆளு எறங்குது. காய் சீவி உப்புத் தண்ணியில போட்டு வச்சிருக்கேன். சீல் ஒடைக்க ஆபீசரு கெளம்பிட்டாரா?"

வல்லிநாயகம் திரும்பிப் பார்த்தார். வேல்ராஜ் ஈரத் தரையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். வல்லிநாயகம் சுருட்டிக் கட்டிய பாயை அவிழ்த்து, அகலமாக விரித்து, பாதியை அவருக்கு விட்டார்.

"ஆபீசரு வந்துட்டாரு," என்றார் போனில். "சாயங்காலம் வரும்போது அவருக்கும் சேத்துச் சோறு கொண்டா. உறைப்பு ஆவுமான்னு கேட்டுச் சொல்லுதேன்."